முடிவெடுக்கும்போது இறைநம்பிக்கையை எந்த இடத்தில் வைப்பது?

பெரிய முடிவொன்று முன்னால் வந்து நிற்கும்போது, இறைநம்பிக்கை உள்ளவர்களில் பலர் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். சிலர் நம்பிக்கையை ஓரமாக வைத்துவிட்டு, லாப நஷ்டக் கணக்கை மட்டும் பார்த்து முடிவெடுத்து, எடுத்த முடிவுக்கு ஆசி கேட்க மட்டும் கடவுளிடம் போகிறார்கள். வேறு சிலர் கணக்கை ஓரமாக வைத்துவிட்டு, "எல்லாம் அவன் காட்டுவான்" என்று ஏதாவது ஓர் அறிகுறிக்காகக் காத்திருக்கிறார்கள். இரண்டுமே பாதி வேலைதான் என்பது என் கருத்து. முடிவை எடுக்க வேண்டியவர் நாம்; அதை எடுக்கிற மனத்தை நிதானப்படுத்துவதும், நாம் பார்க்க விரும்பாததைப் பார்க்க வைப்பதும், பிறகு வருவதைத் தாங்கிக்கொள்ளச் செய்வதுமே நம்பிக்கையின் பங்கு. இந்தப் பங்கீட்டை மனத்தில் வைத்துக்கொண்டு ஒரு முடிவை எப்படி அணுகலாம் என்பதைப் படிப்படியாகச் சொல்ல முயல்கிறேன்.

இது எல்லா முடிவுகளுக்கும் பொருந்தும் வழிமுறை அன்று. சில மாதங்களுக்குள் பெரிய இழப்பின்றி மாற்றிக்கொள்ளக்கூடிய விஷயம் என்றால், அதிகம் யோசிக்காமல் ஒன்றைத் தேர்ந்துகொண்டு நகர்வதே நல்லது. சின்ன விஷயத்துக்கெல்லாம் தெய்வ சித்தம் தேடுவது பக்தியைவிடப் பதற்றத்தையே வளர்க்கும். வேலையை விடுவது, திருமணம், ஒருவருக்கு ஜாமீன் நிற்பது, நோயுற்ற பெற்றோரை யார் பொறுப்பில் வைத்துக்கொள்வது என்பன போல, எளிதில் திரும்பி வர முடியாதவையும் பிறர் வாழ்க்கையைத் தொடுபவையுமான முடிவுகளுக்கே இவ்வளவு சிரமம் தகும்.

கேள்வியைச் சரியாகக் கேட்பது

முதல் வேலை, கேள்வியை ஒரே வாக்கியமாகத் தாளில் எழுதுவது. மனத்துக்குள் சுழன்றுகொண்டிருக்கும்வரை ஒரு கேள்வி நான்கைந்து வடிவம் எடுக்கும். எழுதும்போதுதான் அதற்கு ஓர் உருவம் கிடைக்கும். எழுதிய பிறகு, அது உண்மையிலேயே நம்மை உறுத்துகிற கேள்விதானா என்று பார்க்க வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஒருவரின் மைத்துனர் தொழில் தொடங்கக் கடன் கேட்டு விண்ணப்பித்திருந்தார். ஜாமீன் கையெழுத்துக்காக இவரிடம் வந்து, "ஒரு கையெழுத்துதானே, மாமா" என்றார். கடன் வாங்கியவர் கட்டத் தவறினால் கடன் கொடுத்தவர்கள் நேராக ஜாமீன்தாரரிடம்தான் வருவார்கள் என்பது இவருக்குத் தெரியும். "ஜாமீன் போடலாமா, கூடாதா" என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தார். இரண்டு நாள் கழித்து அதை அடித்துவிட்டு, "முடியாது என்று சொன்னால் என் மனைவி வீட்டாரோடு உள்ள உறவு நிற்குமா" என்று எழுதினார். பணத்தைப் பற்றிய கேள்வி உறவைப் பற்றிய கேள்வியாக மாறியதும் அதற்கான வழிகளும் மாறின. முதல் கேள்விக்கு ஆம், இல்லை என்ற இரண்டே விடைகள்; இரண்டாவதுக்கு அப்படியில்லை. பிரார்த்தனை செய்பவராக இருந்தால், கேள்வி தெளிவான பிறகே அதைக் கடவுள் முன் வைப்பது நல்லது. எது வேண்டும் என்றே தெரியாமல் வழி கேட்டால், எந்தப் பதில் வந்தாலும் அது நம் கேள்விக்கான பதில்தானா என்று சொல்ல முடியாது.

எந்த மனநிலையில் முடிவெடுக்கக் கூடாது

நம்பிக்கை மரபுகளில் இந்த ஒரு விஷயத்தை மிக நுணுக்கமாகக் கவனித்தவர் என்று நான் மதிப்பது லொயோலா இஞ்ஞாசியாரை (1491–1556). கத்தோலிக்கத் துறவற சபையான இயேசு சபையை நிறுவியவர் என்றே பெரும்பாலோர் அவரை அறிவார்கள். அதற்கு முன் அவர் போர்க்களப் புகழில் மோகம் கொண்ட ஒரு வீரர். 1521ஆம் ஆண்டில் ஸ்பெயினின் பம்ப்லோனா கோட்டையைக் காத்தபோது பீரங்கிக் குண்டு பட்டுக் கால் நொறுங்கி, நீண்ட காலம் படுக்கையில் கிடந்தார். பொழுது போவதற்காக அவர் இரண்டு வகைக் கனவுகளில் மாறி மாறி மூழ்கினார்: ஓர் உயர்குலப் பெண்ணுக்காகத் தாம் செய்யப்போகும் வீரச் செயல்கள் ஒன்று, புனிதர்களைப் போலத் தாமும் எளிமையாக வாழ்வது மற்றொன்று. கனவு காணும்போது இரண்டுமே இன்பமாகத்தான் இருந்தன. ஆனால் முதல் கனவு கலைந்தபின் மனம் வறண்டு சலித்தது. இரண்டாவது கலைந்தபின்னும் நிறைவு தங்கியிருந்தது. இந்த வேறுபாட்டைக் கவனித்ததிலிருந்துதான் எது சரியான வழி என்று தெளியும் அவருடைய முறை முழுவதும் வளர்ந்தது.

இதிலிருந்து நடைமுறைக்கு எடுத்துக்கொள்ளக்கூடியவை இரண்டு. முதலாவது, ஒரு வழியைக் கற்பனை செய்யும்போது எழும் உணர்வைவிட, கற்பனை முடிந்து ஒரு மணி நேரம் கழித்து எஞ்சியிருக்கும் உணர்வுக்கு அதிக மதிப்புக் கொடுப்பது. ஒரு நாள் முழுவதும் முதல் வழியைத் தேர்ந்துவிட்டதாகவே எண்ணிக்கொண்டு அன்றாட வேலைகளைச் செய்யுங்கள். அடுத்த நாள் இரண்டாவது வழியைத் தேர்ந்துவிட்டதாக எண்ணிக்கொள்ளுங்கள். இரண்டு இரவுகளிலும் படுக்கப் போகுமுன் மனம் எப்படி இருந்தது என்று இரண்டு வரி எழுதி வையுங்கள். பரபரப்பும் நிறைவும் நடக்கும்போது ஒன்றுபோலத் தோன்றினாலும், மாலைக்குள் பிரிந்து தெரிந்துவிடும்.

இரண்டாவது, மனம் சோர்ந்து, பிரார்த்தனையும் கசந்து, எல்லாமே இருண்டு தெரிகிற காலத்தில், முன்பு தெளிந்த மனத்தோடு எடுத்த முடிவை மாற்றக் கூடாது என்ற அவருடைய விதி. இது கேட்பதற்கு எளிது, கடைப்பிடிப்பது கடினம். ஏனென்றால் சோர்வில்தான் எதையாவது மாற்றியே ஆக வேண்டும் என்ற அவசரம் மிகுதியாக வரும். கோபத்தில் வேலையை விடுகிறவர்களும், துக்கத்தில் வீட்டை விற்கிறவர்களும், தனிமையில் அவசரமாகத் திருமணத்துக்குச் சம்மதிப்பவர்களும் இந்த வாசலில்தான் தவறி விழுகிறார்கள். பெருமகிழ்ச்சியிலும் இதே எச்சரிக்கை தேவை என்பேன். உற்சாகத்தில் கொடுத்த வாக்குறுதிகளைப் பிறகு சுமக்கப்போவது சாதாரண நாட்களில் இருக்கிற நாம்தான். கெடு நெருங்குகிறது என்று யாராவது அவசரப்படுத்தினால், அந்தக் கெடுவை யார் வைத்தது, அது தள்ளிப்போனால் யாருக்கு இழப்பு என்று கேட்டுப் பாருங்கள். பல கெடுக்கள் கேட்ட மாத்திரத்தில் ஒரு வாரம் நீள்வதைப் பார்க்கலாம்.

ஆனால் ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும். உயிருக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து இருக்கிற இடத்திலிருந்து வெளியேறுவதற்கு மனம் தெளியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. முதலில் வெளியேறிவிட்டுப் பிறகு யோசிக்கலாம். அதேபோல், சோர்வு வாரக்கணக்கில் நீடித்து உறக்கத்தையும் உணவையும் கெடுக்கிறதென்றால் அதை ஆன்மிக வறட்சி என்று மட்டும் எண்ணிக்கொண்டிராமல் மருத்துவரைப் பார்ப்பதே விவேகம்.

தாளில் எழுதும் கணக்கு

கணக்குப் போடுவது நம்பிக்கைக் குறைவின் அடையாளம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். 461ஆம் குறள் அப்படி நினைக்கவில்லை. ஒரு செயலில் இறங்குமுன் அதனால் அழிவது எது, ஆவது எது, ஆனபின் அது காலப்போக்கில் தரும் ஊதியம் எது என்ற மூன்றையும் எண்ணிப் பார்க்கச் சொல்கிறது அது. மூன்றாவதுதான் நாம் வழக்கமாக விட்டுவிடுகிற பகுதி. அதிகச் சம்பளம் ஆவது; ஓய்வு நேரம் அழிவது; அந்த வேலையில் ஐந்தாண்டுகள் இருந்தால் நான் எப்படிப்பட்ட மனிதனாக ஆவேன் என்பது மூன்றாவது கட்டம்.

நல்லது ஒரு பக்கம், கெட்டது ஒரு பக்கம் எழுதும் முறை இன்று எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் 1772ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின் தம் நண்பரும் ஆங்கிலேய அறிஞருமான ஜோசப் பிரீஸ்ட்லிக்கு எழுதிய கடிதத்தில் அதை விளக்கியபோது சொன்ன முக்கியமான இரண்டு குறிப்புகளை நாம் மறந்துவிட்டோம். பிரீஸ்ட்லி தமக்கு வந்த ஒரு வேலை வாய்ப்பைப் பற்றி யோசனை கேட்டிருந்தார். என்ன முடிவெடுப்பது என்று தம்மால் சொல்ல இயலாது, எப்படி முடிவெடுப்பது என்று மட்டும் சொல்கிறேன் என்ற பிராங்க்ளின், தாளை ஒரு கோட்டால் இரண்டாகப் பிரித்து, காரணங்களை மூன்று நான்கு நாட்களில் தோன்றத் தோன்ற எழுதச் சொன்னார். ஒரே அமர்வில் எழுதினால் அந்த நேரத்து மனநிலை மட்டுமே தாளில் இறங்கும். நாட்கள் கழியும்போதுதான் மறைந்திருந்த காரணங்கள் ஒவ்வொன்றாக வெளிவரும். அடுத்த குறிப்பு, காரணங்களின் எண்ணிக்கையைப் பார்க்காமல் எடையைப் பார்ப்பது. இரு பக்கத்திலும் சம எடையுள்ளவற்றை அடித்துவிட வேண்டும். ஒரு பக்கத்துக் காரணம் ஒன்று எதிர்ப்பக்கத்துக் காரணங்கள் இரண்டுக்குச் சமமென்றால் மூன்றையும் அடித்துவிட வேண்டும். இப்படி அடித்துக்கொண்டே போனால் இறுதியில் எது மிஞ்சுகிறது என்பது தெரியும்.

இந்தக் கணக்கில் நுழையக் கூடாதவையும் உண்டு. ஜாமீன் கேட்கப்பட்டவரின் கதைக்கே மீண்டும் வருகிறேன். அவர் விண்ணப்பப் படிவத்தை வரி வரியாகப் படித்தபோது, "ஏற்கெனவே உள்ள கடன்கள்" என்ற கட்டத்துக்குள் ஒரு சிறு கோடு மட்டும் இழுக்கப்பட்டிருந்தது. மைத்துனருக்கு வேறு இரண்டு கடன்கள் இருப்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். கேட்டபோது, "அதை எழுதினா இந்தக் கடன் கிடைக்காது, மாமா" என்றார். அந்த நிமிடத்தில் லாப நஷ்டத் தாள் தேவையற்றதாகிவிட்டது. பொய்க்குக் கீழே தன் பெயரை எழுதுவதா என்பது எடை பார்த்துத் தீர்மானிக்கிற விஷயம் அல்ல. எந்த மதத்தைச் சேர்ந்தவராயினும், மதமே இல்லாதவராயினும், தாம் எந்தக் கோட்டைத் தாண்டமாட்டோம் என்பதைக் கணக்குத் தொடங்குமுன்பே தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஏனென்றால் கணக்கின் நடுவில் லாபம் கண்ணுக்குத் தெரியத் தொடங்கிய பிறகு அந்தக் கோடு மெல்ல நகரத் தொடங்கிவிடும். நம்பிக்கை ஒருவருக்குச் செய்கிற மிகப் பெரிய நடைமுறை உதவி, கடினமான நேரம் வருமுன்பே இந்தக் கோட்டைப் போட்டு வைத்திருப்பதுதான் என்று சொல்வேன்.

அறிகுறிகளை எப்படி எடுத்துக்கொள்வது

சீட்டுப் போட்டுப் பார்ப்பது, புனித நூலைக் கண்ணை மூடித் திறந்து விரல் பட்ட வரியைப் படிப்பது, கனவுக்குக் காத்திருப்பது ஆகியவை எல்லாச் சமயங்களிலும் ஏதோ ஒரு வடிவில் உண்டு. இவற்றில் ஆறுதல் பெறுகிறவர்களை நான் பழிக்கவில்லை. ஆனால் விரும்பாத சீட்டு வந்தால் "மூன்று முறை போட்டுப் பார்ப்போம்" என்கிறவர் முடிவைக் கடவுளிடம் விட்டுவிடவில்லை. தம் விருப்பத்துக்கு அவருடைய கையெழுத்தைத்தான் கேட்கிறார்.

இஸ்லாத்தில் இஸ்திகாரா என்ற தொழுகை இருக்கிறது. ஒரு காரியத்தில் இறங்க எண்ணுகிறவர் இரண்டு ரக்அத் (தொழுகையின் ஒரு சுற்று) தொழுதுவிட்டு ஒரு துஆ (வேண்டுதல்) கேட்கிறார். அந்தத் துஆவின் சாரம் இதுதான்: இந்தக் காரியம் என் மார்க்கத்துக்கும் வாழ்க்கைக்கும் என் முடிவுக்கும் நல்லதென்று நீ அறிந்தால் அதை எனக்கு எளிதாக்கு, தீயதென்று அறிந்தால் அதை என்னிடமிருந்தும் என்னை அதனிடமிருந்தும் திருப்பிவிடு, நன்மை எங்கிருந்தாலும் அதை எனக்கு விதித்து, அதில் என்னைத் திருப்தி கொள்ளச் செய். தொழுதபின் கனவு வரும், அதில் விடை தெரியும் என்று மக்களிடையே பரவலாக ஒரு நம்பிக்கை உண்டு. இத்தொழுகையைக் கற்பிக்கும் நபிமொழியில் கனவைப் பற்றிய பேச்சே இல்லை. காரியத்தைத் தேர்ந்து இறங்குகிறவர் மனிதர். அது நல்லதாக அமைவதையும், அமையாவிட்டால் விலகிப்போவதையும், எப்படியானாலும் மனம் நிறைவதையுமே அவர் கேட்கிறார். பிற சமயத்தவரும் தத்தம் மொழியில் இதே வேண்டுதலைச் செய்துகொள்ளலாம். இதைவிடச் செறிவான ஒன்றை நான் அறியேன்.

கீதையின் பதினெட்டாம் அத்தியாயத்தில், உபதேசம் அனைத்தும் முடிந்தபின் கண்ணன் அர்ச்சுனனிடம், சொன்னதை எல்லாம் முழுமையாக ஆராய்ந்து பார்த்து, பிறகு நீ விரும்பியபடி செய் என்கிறான். தேரில் எதிரே இறைவனே நிற்கும்போதும் ஆராயும் வேலை அர்ச்சுனனிடமே விடப்படுகிறது. அறிகுறி கிடைக்கவில்லையே என்று கலங்குகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வது வழக்கம்.

யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது

நம் விருப்பத்துக்கு ஆமாம் போடுகிறவரை நாமே தேடிப் போகிறோம். இது எல்லோருக்கும் உள்ள பலவீனம். தவறு கண்ட இடத்தில் இடித்துரைக்கும் துணையை உடையவரைக் கெடுக்க யாராலும் முடியாது என்று வள்ளுவர் சொல்வதை அரசர்களுக்கு மட்டும் என்று ஒதுக்க வேண்டியதில்லை. அப்படிப்பட்ட ஒருவரும், நீங்கள் முடிவெடுக்க வேண்டிய துறையை நன்கு அறிந்த ஒருவரும், இந்த முடிவால் லாபமோ நஷ்டமோ அடையாத ஒருவரும் போதும். பத்துப் பேரிடம் கேட்டால் பத்து முடிவுகள் கிடைக்கும். அதன்பிறகு எந்த யோசனையை ஏற்பது என்பதே இன்னொரு முடிவாகிவிடும். ஆன்மிக வழிகாட்டியிடம் மனத்தைப் பற்றிக் கேளுங்கள். வட்டி விகிதத்தைப் பற்றிக் கேட்க வேறு ஆட்கள் இருக்கிறார்கள். தம் துறையல்லாத விஷயத்திலும் உறுதியாகத் தீர்ப்புச் சொல்கிற குருமார்களிடம் கூடுதல் எச்சரிக்கை தேவை.

கேட்கும் முறையும் முக்கியம். "நான் இப்படிச் செய்யலாம் என்றிருக்கிறேன், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்" என்று தொடங்கினால், பெரும்பாலோர் மரியாதைக்காகவாவது தலையாட்டுவார்கள். இரு வழிகளையும் சாய்வில்லாமல் சொல்லிவிட்டு, "நான் கவனிக்காமல் விட்டது எது" என்று கேளுங்கள். குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரிடம் இதற்கு ஒரு நல்ல நடைமுறை இருக்கிறது. முடிவெடுக்க வேண்டியவர் நம்பிக்கைக்குரிய சிலரை அழைத்து உட்கார வைக்கிறார்; அவர்கள் அறிவுரை சொல்லக் கூடாது, திறந்த மனத்தோடு கேள்விகள் மட்டுமே கேட்க வேண்டும்; கேள்விகளுக்கு நடுவே மௌனத்துக்கும் தாராளமாக இடம் உண்டு. நல்ல நண்பர்கள் இரண்டு பேரை வைத்துக்கொண்டு எவரும் இதைச் செய்து பார்க்கலாம். அறிவுரை சொல்லாமல் ஒரு மணி நேரம் இருப்பது நண்பர்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்பதை அப்போது அறியலாம்.

ஆள் கிடைக்காதபோது இஞ்ஞாசியார் சொல்லும் இன்னொரு வழி உதவும். இதற்கு முன் நீங்கள் பார்த்தே இராத, ஆனால் நன்மையே நடக்க வேண்டும் என்று நீங்கள் விரும்புகிற ஒருவர் இதே கேள்வியோடு உங்களிடம் வந்தால் அவருக்கு என்ன சொல்வீர்கள்? அதை எழுதிவிட்டு, அந்த அறிவுரையை நீங்கள் ஏற்கத் தயங்குகிறீர்களா என்று பாருங்கள். தயக்கம் இருந்தால், உண்மையான தடை எங்கே இருக்கிறது என்பது தெரிந்துவிட்டது.

முடிவெடுத்த பிறகு

முடிவை எடுத்ததும், தேதியோடு, காரணங்களோடு, அன்று உங்களுக்குத் தெரிந்திருந்த விவரங்களோடு அதை எழுதி வையுங்கள். எந்தச் சூழ்நிலை வந்தால் இந்த முடிவை மறுபடி பரிசீலிப்பேன் என்பதையும் அப்போதே எழுதுங்கள். அந்தச் சூழ்நிலை வராதவரை, பயம் வந்தது என்பதற்காகவோ யாரோ ஏதோ சொன்னார் என்பதற்காகவோ கதவை மீண்டும் திறக்கக் கூடாது.

ஜாமீன் கேட்கப்பட்டவர் கையெழுத்துப் போடவில்லை. மைத்துனரை நேரில் அழைத்து, மனைவியும் உடனிருக்க, ஏன் முடியாது என்பதைச் சுற்றி வளைக்காமல் சொன்னார். திரும்பி வராவிட்டாலும் தம் குடும்பத்தைப் பாதிக்காத ஒரு தொகையை, கடனாக அல்லாமல் உதவியாகக் கொடுத்தார். ஓராண்டு பேச்சு வார்த்தை சரியாக இல்லை. முடிவு நல்லதா என்பதற்கு அந்த ஓராண்டு அளவுகோல் ஆகாது. நன்றாக யோசித்து எடுத்த முடிவும் மோசமான பலனைத் தரலாம். யோசிக்காமல் எடுத்ததும் அதிர்ஷ்டத்தால் தப்பிக்கலாம். பலனை மட்டும் வைத்து முடிவை மதிப்பிடுகிறவர், தப்பித்த தவறிலிருந்து தைரியத்தையும் தோற்ற நல்ல முடிவிலிருந்து பயத்தையும் கற்றுக்கொள்கிறார். பிற்காலத்தில் அந்தத் தாளை எடுத்துப் படிக்கும்போது, அன்று தெரிந்திருந்ததை வைத்து நேர்மையாக எண்ணினேனா, தெரிந்துகொண்டிருக்கக்கூடிய எதையாவது தேடாமல் விட்டேனா என்ற இரண்டை மட்டும் பாருங்கள்.

முடிவு தவறாகப் போனால் "கடவுளின் சித்தம்" என்று சொல்லிக்கொள்வதிலும் ஓர் ஒழுங்கு வேண்டும். நம் கைக்கு அப்பாற்பட்டதைப் பற்றிச் சொன்னால் அது சரணாகதி. விசாரிக்காமல் பணத்தைக் கொடுத்து ஏமாந்ததைப் பற்றிச் சொன்னால் அது சாக்கு. பிறருக்கு இழப்பு ஏற்பட்டிருந்தால், முதலில் அவர்களிடம் போய் ஈடு செய்ய முடிந்ததை ஈடு செய்துவிட்டு வந்தபிறகு அந்தச் சொல்லைப் பயன்படுத்தலாம்.

பிரார்த்தனையையும் இந்தக் கட்டத்தில் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். முடிவெடுத்த பிறகும் தினமும் "எது சரி" என்றே கேட்டுக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர். அந்தக் கேள்வியை நிறுத்திவிட்டு, எடுத்ததை நன்றாக நடத்தத் தேவையானதை, பொறுமையையோ பேச்சில் இனிமையையோ அடுத்த மாதத் தவணைக்கான பணத்தையோ, பெயர் சொல்லிக் கேட்கத் தொடங்கலாம்.